இங்கிலீஷ் பரீட்சை அன்னிக்கு மட்டும் ஏன் வயிறு வலிக்குது?

மார்ச் மாதக் கடைசி. காலை ஆறு மணி. கொடைக்கானல் நாயுடுபுரத்தில் ஒரு வீட்டைக் கொஞ்சம் கற்பனை செய்து பாருங்கள். ஜன்னலுக்கு வெளியே பனி இன்னும் விலகவில்லை. அடுப்பில் டீ கொதிக்கிறது. கம்பளிக்குள் சுருண்டபடி, மடியில் புத்தகத்தோடு பத்தாம் வகுப்புப் பெண்.

"அம்மா... வயித்தை வலிக்குது..."

"ராத்திரி என்னடி சாப்பிட்டே? ரசம் சாதம்தானே?"

"தெரியலைம்மா. என்னமோ பண்ணுது. வாந்தி வர்ற மாதிரியும் இருக்கு..."

"நாள் பூரா சும்மா இருந்துட்டு, பரீட்சை அன்னிக்குத்தான் உனக்கு எல்லா வியாதியும் வருமா?"

அன்று இங்கிலீஷ் பரீட்சை. தமிழ்ப் பரீட்சை அன்று வராத வலி, இன்று மட்டும் வந்திருக்கிறது!

இந்தக் காட்சி நாயுடுபுரத்துக்கு மட்டும் சொந்தமில்லை. பழநியிலும், மதுரையிலும், ஏன், உங்கள் வீட்டிலும் நடக்கலாம். அந்த அம்மா சொன்ன பதிலைத்தான் நீங்களும் சொல்லியிருப்பீர்கள். இனிமேல் சொல்லாதீர்கள். ஏன் என்று பார்ப்போம்.

வலி பொய் இல்லை!

பயம் வந்தால் நம் உடம்பு ஓடுவதற்கோ, சண்டை போடுவதற்கோ தயாராகிறது. அட்ரினலின் என்ற ஹார்மோன் சுரக்கிறது. இதயம் படபடக்கிறது. உள்ளங்கை வியர்க்கிறது. வயிற்றுக்குப் போக வேண்டிய ரத்தம் குறைந்து, கை கால் தசைகளுக்கு அதிகம் போகிறது. குடலின் அசைவு தாறுமாறாகிறது. அதனால்தான் வயிற்றைப் பிசைகிறது, குமட்டுகிறது, திரும்பத் திரும்ப பாத்ரூம் போகத் தோன்றுகிறது.

ஆகவே உங்கள் பிள்ளை நடிக்கவில்லை. வலி நிஜம். அதற்குக் காரணம்தான் வயிற்றில் இல்லை, மனசில் இருக்கிறது. 'நடிக்காதே' என்று நீங்கள் சொன்னால் பயத்தோடு அவமானமும் சேர்ந்துகொள்ளும். வலி இன்னும் கூடும்.

ஒரு டம்ளர் வெதுவெதுப்பான தண்ணீர் கொடுங்கள். பக்கத்தில் உட்காருங்கள். மூக்கு வழியாக மெதுவாக மூச்சை இழுத்து, அதைவிட அதிக நேரம் எடுத்து வெளியே விடச் சொல்லுங்கள். நாலு எண்ணும்வரை உள்ளே, ஆறு எண்ணும்வரை வெளியே. பத்து தடவை போதும். படபடப்பு தணிவதை அவளே உணர்வாள்.

ஒரு எச்சரிக்கை: எல்லா வயிற்று வலியையும் 'பரீட்சை பயம்' என்று தள்ளிவிடாதீர்கள். காய்ச்சல், தொடர் வாந்தி இருந்தாலோ, வலி தொப்புளைச் சுற்றி ஆரம்பித்து வலது பக்க அடிவயிற்றுக்கு நகர்ந்தாலோ அது அப்பெண்டிஸாக இருக்கலாம். உடனே டாக்டரிடம் போக வேண்டும். பரீட்சையை அப்புறம்கூட எழுதிக்கொள்ளலாம்.

ஏன் இங்கிலீஷ் மட்டும் பயமுறுத்துகிறது?

வேடிக்கையைப் பாருங்கள். கொடைக்கானல் பிள்ளைகளுக்கு இங்கிலீஷ் காதுக்குப் புதிதே இல்லை. ஏரிக்கரையில் வெளிமாநிலத்தாரும் வெளிநாட்டாரும் வருகிறார்கள். கடையில் உட்காரும் பையன் 'ஹோம் மேட் சாக்லெட் சார், டேஸ்ட் பண்ணிப் பாருங்க' என்று இங்கிலீஷும் தமிழும் கலந்து அடிக்கிறான். வழி கேட்டால் கையைக் காட்டி 'கோ ஸ்ட்ரெயிட், டர்ன் லெஃப்ட்' என்கிறான். அதே பையன் வினாத்தாளைக் கையில் வாங்கியதும் விறைத்துப் போகிறான்.

காரணம் இதுதான். பேசும்போது தப்பு வந்தால் எதிரே இருப்பவர் சிரித்துக்கொண்டே புரிந்துகொள்வார். பேப்பரில் தப்பு வந்தால் சிவப்பு மை! கணக்கில் ஒரு வழி தெரிந்தால் பத்து கணக்கு போடலாம். இங்கிலீஷில் எதைப் படித்தால் எத்தனை மார்க் என்பதே பல பிள்ளைகளுக்குத் தெரிவதில்லை. தெரியாததுதான் பயம். அதைத் தெரியப்படுத்திவிட்டால் பாதி பயம் போச்சு.

வினாத்தாளைப் பிரித்துப் பார்க்கலாமா?

நீங்கள் பத்தாவது எழுதிய காலத்தில் இங்கிலீஷுக்கு முதல் தாள், இரண்டாம் தாள் என்று இரண்டு இருந்திருக்கும். தமிழ்நாடு அரசு 2019-20 கல்வியாண்டிலிருந்து அதை ஒரே தாளாக்கிவிட்டது. கொரோனாவால் 2020, 2021-ல் பொதுத்தேர்வு நடக்கவில்லை. ஆக, 2022 மே மாதத்தில்தான் பிள்ளைகள் முதன்முதலில் ஒரே தாளாக எழுதினார்கள்.

மொத்தம் 100 மார்க். மூன்று மணி நேரம். பாஸாக 35. அந்த அமைப்பில் மார்க் பிரியும் விதம் இது:

ஒரு மார்க் கேள்விகள் 14. சரியான விடையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இரண்டு மார்க் கேள்விகளில் பத்து எழுத வேண்டும்: உரைநடை, செய்யுள், இலக்கணம், அதோடு வரைபடம் பார்த்து வழி சொல்லும் ஒரு கேள்வி. ஐந்து மார்க் கேள்விகளில் பத்து. எட்டு மார்க்கில் இரண்டு. கூட்டிப் பாருங்கள்: 14, 20, 50, 16. நூறு!

'எம் பொண்ணு இங்கிலீஷ்ல ரொம்ப வீக்குங்க, பாஸே ஆக மாட்டா' என்று கலங்குகிற அம்மாக்களே, பென்சிலை எடுங்கள். சேர்ந்து கணக்கு போடுவோம்.

மனப்பாடச் செய்யுள் அடி பிறழாமல் எழுதினால் 5. வழி சொல்லும் கேள்விக்கு 2. துணைப்பாடக் கதை வாக்கியங்களை வரிசைப்படுத்தினால் 5. ஒரு மார்க் பதினாலில் எட்டு சரி என்றால் 8. குறிப்புகளை வைத்துக் கதையை விரித்து எழுதும் எட்டு மார்க் கேள்விக்குச் சுமாராக எழுதினாலும் 5 என்று வைத்துக்கொள்வோம். கடிதம், விளம்பரம், அறிவிப்பு, படத்தைப் பார்த்து எழுதுதல்... இப்படி நாலு கேள்விக்குத் தலா மூன்று என்றால் 12.

5 + 2 + 5 + 8 + 5 + 12 = 37!

உரைநடைப் பாடத்து நெடுவினா ஒன்றைக்கூட நாம் இன்னும் தொடவில்லை. பாஸ் கோட்டைத் தாண்டியாயிற்று. இந்தக் கணக்கை உங்கள் மகள் தன் கையாலேயே போட்டுப் பார்க்கட்டும். நீங்கள் 'பயப்படாதே' என்று நூறு தடவை சொல்வதைவிட அந்த 37 அதிக தைரியம் கொடுக்கும். (அந்தந்த வருடத்து மாதிரி வினாத்தாளைப் பள்ளியில் கேட்டு வாங்கி, கேள்விகளின் அமைப்பை ஒரு தடவை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.)

நன்றாகப் படிக்கிற பிள்ளைக்கும் இதே கணக்கு உதவும். மார்க் எங்கே நழுவுகிறது என்று ஒவ்வொரு ரிவிஷன் பேப்பரிலும் பகுதி பகுதியாகப் பாருங்கள். மொத்த மார்க்கைப் பார்த்துத் திட்டுவதில் பயனில்லை. 'ஒரு மார்க்ல நாலு போயிருக்கு, அதை மட்டும் இந்த வாரம் பார்ப்போம்' என்பதுதான் உதவி.

'எனக்கே இங்கிலீஷ் தெரியாதே!'

'நான் எட்டாவதோட நின்னவ. நான் எங்கே சொல்லிக் கொடுக்கிறது?' என்று கேட்கிறீர்களா? இங்கிலீஷ் ஒரு வார்த்தை தெரியாத அம்மாவும் உதவலாம். எப்படி?

ஒன்று: துணைப்பாடக் கதைகளை உங்களுக்குத் தமிழில் சொல்லச் சொல்லுங்கள். வெங்காயம் உரிக்கும்போது, பூண்டு உரிக்கும்போது, சப்பாத்திக்கு மாவு பிசையும்போது கேளுங்கள். 'அப்புறம் என்னடி ஆச்சு? அவன் ஏன் அப்படிச் செஞ்சான்?' என்று நடு நடுவே கேள்வி போடுங்கள். கதை வரிசையாக மனசில் நின்றுவிட்டால் வாக்கியங்களை வரிசைப்படுத்துவதும், குறிப்புகளை விரித்து எழுதுவதும் பாதி முடிந்த மாதிரி. கதையே தெரியாமல் கைடு புத்தகத்து வரிகளை நெட்டுரு போடும் பிள்ளை, ஒரு வரி மறந்தால் அங்கேயே நின்றுவிடும். கதை தெரிந்த பிள்ளை தன் சொந்த வாக்கியத்தில் தாண்டிப் போய்விடும்.

இரண்டு: மனப்பாடச் செய்யுளைப் புத்தகம் பார்க்காமல் எழுதச் சொல்லி, எழுத்துக்கு எழுத்து புத்தகத்தோடு நீங்கள் ஒத்துப் பாருங்கள். அர்த்தம் தெரிய வேண்டாம். ஏ, பி, சி, டி தெரிந்தால் போதும்! தப்பு இருக்கும் இடத்தில் ஒரு புள்ளி வையுங்கள். என்ன தப்பு என்று அவளே கண்டுபிடிக்கட்டும்.

மூன்று: வழி சொல்லும் கேள்விக்கு ஊரையே வரைபடமாக்குங்கள். நாயுடுபுரம் பிள்ளையாக இருந்தால், வீட்டிலிருந்து செட்டியார் பூங்காவுக்கும், அங்கிருந்து குறிஞ்சி ஆண்டவர் கோயிலுக்கும் எப்படிப் போவது என்று ஒரு பேப்பரில் படம் போட்டு, நாலு வாக்கியம் இங்கிலீஷில் எழுதட்டும். உங்கள் ஊரில் பஸ் ஸ்டாண்டும் மார்க்கெட்டும் இருக்காதா என்ன? தெரிந்த தெருவை வைத்து எழுதிப் பழகிய பிள்ளை, வினாத்தாளில் எந்த ஊர்ப் படம் வந்தாலும் மிரளாது.

நாலு: தினம் பத்து நிமிஷம் சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள். நீங்கள் வெறுமனே கேளுங்கள். திருத்தாதீர்கள். தம்பி தங்கைகள் சிரிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்! காதில் விழுந்த வாக்கியம்தான் கையில் வரும்.

ஐந்து: வாரத்துக்கு இரண்டு கடிதம். பாடப் புத்தகத்துக் கடிதம் வேண்டாம். 'ஊட்டியிலிருக்கிற சித்திக்கு, நம்ம ஊருக்கு வரச் சொல்லி ஒரு லெட்டர்.' 'எங்க தெருவில் குடிதண்ணீர் சரியா வரலைன்னு நகராட்சிக்கு ஒரு லெட்டர்.' தேதி, முகவரி, விளிப்பு, முடிவு ஆகியவை இருக்கின்றனவா என்று எண்ணிப் பார்க்க உங்களுக்கு இங்கிலீஷ் தேவையில்லை.

தூக்கத்தைத் திருடாதீர்கள்

'பக்கத்து வீட்டுப் பையன் ராத்திரி ஒரு மணி வரைக்கும் படிக்கிறான். நீ பத்து மணிக்கே கொட்டாவி விடறே!'

இந்த ஒப்பீட்டை இன்றோடு நிறுத்திவிடுங்கள். 13 வயதிலிருந்து 18 வயது வரை உள்ள பிள்ளைகளுக்கு ஒரு நாளைக்கு 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் வேண்டும் என்பது தூக்க மருத்துவ நிபுணர்களின் பரிந்துரை. பகலில் படித்ததை மூளை அடுக்கிப் பத்திரப்படுத்துவதில் தூக்கத்துக்குப் பெரிய பங்கு உண்டு. புதுச் சொற்களைப் படித்துவிட்டுத் தூங்காமல் இருப்பது, மாவு அரைத்துவிட்டுப் புளிக்க நேரம் கொடுக்காமல் இட்லி ஊற்றுவது மாதிரி!

ராத்திரி ஒன்பதரைக்கு விளக்கை அணைத்து, காலை ஐந்தரைக்கு எழுப்புங்கள். எட்டு மணி நேரம் கிடைத்துவிடும். செல்போன் வேறு அறையில் இருக்கட்டும். குளிர் ஊர்களில் இன்னொரு பழக்கம் உண்டு. படிக்கிற பிள்ளைக்கு மணிக்கு ஒரு டீ! மாலை ஐந்து மணிக்கு மேல் டீயும் காபியும் வேண்டாம். குடித்ததில் பாதி காஃபின் உடம்பை விட்டுப் போகவே சுமார் ஐந்து மணி நேரம் ஆகும். ராத்திரிக்கு வெதுவெதுப்பான பால் போதும்.

குளிருக்குக் கரி அடுப்பா? வேண்டவே வேண்டாம்!

மலையூர் அம்மாக்கள் இந்தப் பகுதியை இரண்டு தடவை படியுங்கள். கொடைக்கானல் கடல் மட்டத்திலிருந்து சுமார் ஏழாயிரம் அடி உயரம். அரையாண்டுத் தேர்வும் ரிவிஷன் டெஸ்டும் நடக்கிற டிசம்பர், ஜனவரி ராத்திரிகளில் விரல் விறைக்கிற குளிர். 'பிள்ளை ராத்திரி உட்கார்ந்து படிக்குதே' என்ற கரிசனத்தில், கரியை மூட்டி அறைக்குள் வைத்துக் கதவு ஜன்னலைச் சாத்திவிடுகிறோம்.

இது உயிருக்கே ஆபத்து. கரி எரியும்போது கார்பன் மோனாக்ஸைடு என்ற வாயு வருகிறது. அதற்கு நிறம் கிடையாது, வாசனை கிடையாது. மூச்சில் கலந்து, ரத்தம் பிராணவாயுவைச் சுமக்க விடாமல் தடுத்துவிடும். முதலில் தலைவலி, தலைசுற்றல், குமட்டல், தூக்கக் கலக்கம். 'படிச்சுப் படிச்சு அசதி' என்று நினைத்துப் படுத்தால் எழுந்திருக்காமலேயே போகலாம். புகை தெரியவில்லை, கரி தணலாகத்தானே இருக்கிறது என்று ஏமாறாதீர்கள். தணலிலிருந்தும் அந்த வாயு வரும்.

ஸ்வெட்டர், காதை மூடும் குல்லா, காலுக்கு சாக்ஸ், மடியில் கம்பளி. இவை போதும். வெந்நீர் பையைத் துணியில் சுற்றிக் காலடியில் வைக்கலாம். வெயில் வந்தவுடன் வாசல் படியில் உட்கார்ந்து படிப்பதற்கு எந்த அடுப்பும் ஈடாகாது.

குளிரில் தாகம் தெரியாது. அதனால் பிள்ளைகள் தண்ணீரே குடிப்பதில்லை. தலைவலி, மலச்சிக்கல், சோர்வு எல்லாம் அதனால் வரும். ஃப்ளாஸ்க்கில் வெந்நீர் வைத்து, பாடம் மாறும்போதெல்லாம் அரை டம்ளர் என்று பழக்குங்கள்.

தட்டில் என்ன இருக்கட்டும்?

மெமரி டானிக், மூளை மாத்திரை என்று காசைக் கொட்ட வேண்டாம். தினப்படி சாப்பாடே போதும். முட்டை அல்லது சுண்டல், பருப்பு, கீரை, மலையில் மலிவாகக் கிடைக்கிற காரட், பீன்ஸ், ஒரு பழம்.

பெண் பிள்ளைகளுக்கு ஒரு விஷயம் முக்கியம். நாலு வரி படித்ததும் சோர்ந்துபோகிறாளா? மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறதா? கண்ணின் கீழ் இமையை இழுத்துப் பார்த்தால் வெளுத்திருக்கிறதா? சோம்பேறி என்று திட்டாமல் ரத்தத்தில் ஹீமோகுளோபின் அளவைப் பார்த்துவிடுங்கள். ரத்தசோகையாக இருந்தால் படித்தது மனசில் ஏறாது. பள்ளியில் வாரம் ஒரு தடவை தரும் இரும்புச்சத்து மாத்திரையை வீசி எறியாமல், சாப்பாட்டுக்குப் பிறகு போடச் சொல்லுங்கள். சாப்பிட்ட கையோடு டீ குடித்தால் உணவிலுள்ள இரும்புச்சத்து உடம்பில் சரியாகச் சேராது. ஒரு மணி நேரமாவது போகட்டும். எலுமிச்சை, நெல்லிக்காய் சேர்த்தால் நன்றாகச் சேரும்.

பரீட்சை அன்று காலை புதுப் பலகாரம் எதுவும் வேண்டாம். பழகின இட்லியோ, உப்புமாவோ, வயிறு முட்டாமல். வெறும் வயிற்றோடு மட்டும் அனுப்பாதீர்கள்.

அந்த மூன்று மணி நேரம்

வினாத்தாளைக் கொடுத்ததும் படித்துப் பார்க்கப் பத்து நிமிஷமும், விவரங்களைப் பூர்த்தி செய்ய ஐந்து நிமிஷமும் தனியாகத் தருகிறார்கள். அந்தப் பத்து நிமிஷத்தில் 'தெரியாத கேள்வி எது' என்று தேட வேண்டாம். 'தெரிந்த கேள்வி எது' என்று மனசுக்குள் டிக் போட்டுக்கொண்டு வரட்டும்.

பிறகு நேரத்தை இப்படிப் பிரிக்கலாம்: ஒரு மார்க் கேள்விகளுக்கு 15 நிமிஷம். இரண்டு மார்க்குக்கு 30. ஐந்து மார்க் பத்துக்கும் சேர்த்து 90. எட்டு மார்க் இரண்டுக்கும் 30. கடைசி 15 நிமிஷம் திருப்பிப் பார்க்க. வீட்டில் இரண்டு மூன்று தடவை கடிகாரத்தை வைத்து முழுப் பேப்பர் எழுதிப் பழகியிருந்தால் கை தானாக ஓடும்.

கேள்வி எண்ணைச் சரியாகப் போட வேண்டும். தப்பான விடைக்கு மார்க்கைக் கழிக்கிற வழக்கம் இதில் இல்லை. அதனால் எதையும் காலியாக விட வேண்டாம். முடித்துவிட்டு வெளியே வந்ததும், 'ஏழாவது கேள்விக்கு என்ன எழுதினே?' என்று வாசலிலேயே விசாரணை கமிஷன் வைக்காதீர்கள். அடுத்த பரீட்சைக்கான தெம்பு அங்கேயே போய்விடும்.

மார்க் வந்த பிறகு...

ஒருவேளை தவறிவிட்டால்? அதே வருடம் துணைத் தேர்வு இருக்கிறது. தவறிய பாடத்தை மட்டும் எழுதி, அந்த வருடமே மேலே படிக்கலாம். இதைத் தேர்வுக்கு முன்னாலேயே பிள்ளையிடம் சொல்லிவிடுங்கள். 'ஃபெயிலானா வீட்டுப் பக்கம் வராதே' என்று கோபத்தில் சொன்ன ஒரு வார்த்தையை, சில பிள்ளைகள் நிஜமாகவே எடுத்துக்கொண்டுவிடுகின்றன. நமக்கு அது வெறும் பேச்சு. அந்த வயதுக்கு அது தீர்ப்பு.

தொடர்ந்து தூக்கமில்லை, சாப்பாடு இறங்கவில்லை, யாரோடும் பேசவில்லை, 'நான் இருந்து என்ன பிரயோஜனம்' என்கிற மாதிரிப் பேச்சு வருகிறது என்றால் தாமதிக்காதீர்கள். தனியாக விடாமல் பக்கத்தில் இருங்கள். டாக்டரிடம் அழைத்துப் போங்கள். 104 என்ற எண்ணிலும், மத்திய அரசு 2022 அக்டோபரில் தொடங்கிய 'டெலி மானஸ்' சேவையின் 14416 என்ற எண்ணிலும் பேசலாம். இலவசம். நீங்களும் பேசலாம், பிள்ளையும் பேசலாம்.

கடைசியாக ஒன்று. 2019-ல் வந்த பத்தாம் வகுப்பு ஆங்கிலப் பாடநூலில் முதல் பாடம் 'ஹிஸ் ஃபர்ஸ்ட் ஃப்ளைட்'. அயர்லாந்து எழுத்தாளர் லியாம் ஓஃப்ளாஹெர்ட்டி எழுதியது. ஒரு கடற்பறவைக் குஞ்சுக்குப் பறக்கப் பயம். அண்ணன் தங்கையெல்லாம் பறந்துவிட்டார்கள். அது மட்டும் பாறை விளிம்பில் தனியாக. அப்பா அம்மா திட்டிப் பார்க்கிறார்கள், பட்டினி போடுவோம் என்று மிரட்டிப் பார்க்கிறார்கள். ஊஹும், நகரவில்லை! கடைசியில் அம்மாப் பறவை வாயில் மீன் துண்டோடு கிட்டத்தில் வந்து நிற்கிறது. பசி தாங்காமல் குஞ்சு எட்டித் தாவுகிறது. விழுகிறது... சிறகு விரிகிறது... பறந்துவிடுகிறது.

இந்தக் கதையை இன்று ராத்திரி உங்கள் மகளிடமே கேட்டு வாங்குங்கள். அவள் சொல்லி முடித்ததும், திட்டும் மிரட்டலும் சாதிக்காததை எது சாதித்தது என்று மட்டும் கேளுங்கள்.

நாளைக் காலை "அம்மா, வயித்தை வலிக்குது" என்று அவள் சொன்னால், அந்த நாயுடுபுரத்து அம்மா சொன்ன பதில் உங்கள் வாயில் வராது. "வா கண்ணு, இப்படிப் பக்கத்துல உட்காரு" என்பீர்கள். பாதி வலி அப்போதே போய்விடும்!